தீ அணைந்ததை அறிந்தும் அறிவிக்காத பெல்லட் ஸ்மோக்கர் கிரில்: புகார் கடிதம்

அனுப்புநர்:
தங்கள் பெல்லட் ஸ்மோக்கர் கிரில்லை வாங்கிப் பயன்படுத்திவரும் வாடிக்கையாளர்

பெறுநர்:
தலைமை மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: சமையலின் நடுவே தீ அணைந்தும் எச்சரிக்கை தராததும், மீண்டும் இயக்கியபோது தீப்பிழம்பு கிளம்பியதும் தொடர்பாக.

பார்வை: உத்தரவாதக் கோரிக்கையை மறுத்துத் தங்கள் பிரிவு அனுப்பிய மின்னஞ்சல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். மரத்தூளை இறுக்கிச் செய்த சிறு உருளைகளான பெல்லட்டை எரித்து, அதன் புகையில் இறைச்சியை வேகவைக்கும் தங்கள் நிறுவனத்தின் பெல்லட் ஸ்மோக்கர் கிரில்லை நான் வாங்கி ஏழு மாதங்கள் ஆகின்றன. கடந்த மாதம் ஓர் இரவில், இறைச்சி வெந்துகொண்டிருந்தபோதே அதன் தீ தானாக அணைந்துபோனது. விடியற்காலையில் தங்கள் கையேட்டில் உள்ளபடியே அதை மீண்டும் இயக்கினேன். உள்ளே நிறைந்திருந்த புகை ஒரேயடியாகத் தீப்பற்றி மூடியைத் தூக்கி எறிந்தது. இதைத் தெரிவித்து நான் எழுதிய முதல் புகாருக்கு, ஈரமான பெல்லட்டே காரணம் என்று மூன்று வரிகளில் பதில் வந்தது. அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்பதை விளக்கவும், இந்த மாதிரியை வைத்திருக்கும் மற்றவர்களுக்கு இதே ஆபத்து நேராமல் இருக்கவுமே இக்கடிதத்தை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கருவியின் மீது எனக்கு ஆரம்பத்தில் எந்தக் குறையும் இருக்கவில்லை. இதற்கு முன்பு பல ஆண்டுகள் கரி அடுப்பில்தான் புகைச் சமையல் செய்துவந்தேன். பெரிய இறைச்சித் துண்டு ஒன்றைப் பக்குவமாக வேகவைக்க வேண்டுமென்றால், இரவெல்லாம் அடுப்பருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அரை மணிக்கொரு முறை காற்றுத் துளையைத் திறப்பதும் மூடுவதும், கரி சேர்ப்பதுமாகக் கழியும். அந்த உழைப்பிலிருந்து விடுதலை கிடைக்கும் என்ற எண்ணத்தில்தான் தங்கள் கிரில்லை வாங்கினேன். முதல் ஐந்து மாதங்கள் அது சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. வெப்பநிலை, வைத்த இடத்திலிருந்து ஏழெட்டு டிகிரிக்கு மேல் ஏறவோ இறங்கவோ இல்லை. கோழியின் தோல் சீராகச் சிவந்தது. புகை மெலிதாக, நீலம் பூத்தாற்போல் வந்தது. அந்த மெல்லிய புகைதான் நல்ல எரிதலுக்கு அடையாளம் என்பதும், அடர்ந்த வெண்புகை இறைச்சியில் கசப்பை ஏற்றிவிடும் என்பதும் இந்தச் சமையலில் பழகியவர்கள் அறிந்ததே. ஆகவே இது கருவியைப் பயன்படுத்தத் தெரியாதவர் எழுதும் புகார் அல்ல என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

சம்பவம் நடந்த இரவில், ஏறக்குறைய 4 கிலோ எடையுள்ள தோள் இறைச்சியை ஒன்பது மணிக்கு உள்ளே வைத்தேன். வெப்பநிலையை 110 டிகிரி செல்சியஸில் நிறுத்தினேன். இத்தகைய துண்டில் உள்ள இணைப்புத் திசு உருகி மென்மையாக வேண்டுமானால் உள்வெப்பம் 90 டிகிரியைத் தாண்ட வேண்டும். அதற்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். மறுநாள் மதிய விருந்துக்கு உறவினர்கள் வருவதாக இருந்தது. பெல்லட் கொட்டிவைக்கும் தொட்டியான ஹாப்பரை விளிம்புவரை நிரப்பி, இறைச்சியில் வெப்பமானியைச் செருகி, அது கைபேசிச் செயலியோடு இணைந்திருப்பதை உறுதிசெய்துகொண்டு, பதினொரு மணிக்கு உறங்கச் சென்றேன். இரவில் இறைச்சியை வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்பதுதான் தங்கள் விளம்பரம் திரும்பத் திரும்பச் சொல்வது. அதை நம்பித்தான் தூங்கினேன்.

காலை ஐந்தேகால் மணிக்கு எழுந்து பார்த்தபோது மூடியைத் தொட்டால் சில்லென்று இருந்தது. இறைச்சியின் உள்வெப்பம் 43 டிகிரி. செயலியைத் திறந்து இரவு முழுவதற்குமான வரைபடத்தைப் பார்த்தேன். ஒன்று நாற்பதுவரை 110 டிகிரியை ஒட்டி நேராகச் சென்ற கோடு, அதன் பிறகு படிப்படியாகச் சரிந்து, இரண்டரை மணிக்குள் 50 டிகிரிக்குக் கீழே போய்விட்டது. இறைச்சி அதிகபட்சமாக 58 டிகிரியைத் தொட்டிருந்தது; பாதுகாப்பான 60 டிகிரியை அது ஒருமுறைகூட எட்டவில்லை. கிருமிகள் விரைவாகப் பெருகும் வெப்பநிலையில் இத்தனை மணி நேரம் கிடந்த இறைச்சியை யாருக்கும் பரிமாற முடியாது என்பதால் முழுவதையும் குப்பையில் போட்டேன். அந்த இழப்பைக்கூட நான் பெரிதாகச் சொல்ல வரவில்லை. அடுத்து நடந்ததுதான் இக்கடிதத்துக்குக் காரணம்.

விருந்துக்கு வேறு ஏதாவது சமைத்தாக வேண்டும் என்ற அவசரத்தில் தங்கள் கையேட்டை எடுத்தேன். வெப்பநிலை குறைந்தால் செய்ய வேண்டியது என்ற பட்டியலில், கருவியை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து மீண்டும் இயக்கவும் என்று மட்டுமே இருக்கிறது. அப்படியே செய்தேன். நான்கைந்து நிமிடங்களில் புகைபோக்கியிலிருந்து மஞ்சள் கலந்த அடர்ந்த வெண்புகை குபுகுபுவென வந்தது. நான் மூடியைத் திறக்கக் கையை நீட்டிய நேரத்தில் உள்ளே தொப்பென்று ஒரு சத்தம். மூடி தானாக மேலெழும்பிப் பின்னால் விழுந்தது. அதன் ஒரு கீல் வளைந்துவிட்டது. புகைபோக்கி வழியாக ஒரு முழ நீளத்துக்குத் தீ நாக்கு வெளிவந்தது. என் முழங்கையில் இருந்த முடி கருகியது. என் பதினொரு வயது மகள் எனக்குப் பின்னால் நான்கடி தள்ளி, காலைக் குளிருக்குக் கிரில்லின் பக்கம் வந்து நின்றிருந்தாள். அவள் எனக்கு முன்னால் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இப்போதும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மின்இணைப்பைப் பிடுங்கி, எல்லாம் ஆறிய பிறகு, கொழுப்பு வடியும் தட்டையும் அதன் கீழிருந்த வெப்பத் தடுப்புத் தகட்டையும் எடுத்துவிட்டுப் பார்த்தேன். பெல்லட் எரியும் நெருப்புக் கிண்ணம் விளிம்புவரை நிரம்பி, அதற்கு வெளியேயும் பெல்லட் சிதறிக் கிடந்தது. மேலே கரிந்தவை, கீழே தீயே படாத, பளபளப்புக் குறையாத பெல்லட்டுகள். ஹாப்பரின் மூடியைத் திறந்தபோது காரணம் விளங்கியது. நடுவில் கிணறு வெட்டியதுபோல் ஒரு குழி, பெல்லட்டைக் கிண்ணத்துக்குத் தள்ளும் திருகுத் தண்டு வரை நேராக இறங்கியிருந்தது. சுற்றிலும் பெல்லட் சுவராக நின்றது. ஒரு பக்கச் சுவர் மட்டும் எப்போதோ சரிந்து விழுந்திருந்தது. ஹாப்பரின் அடிச்சரிவு போதிய செங்குத்தாக இல்லாததால் பெல்லட் வழுக்கி இறங்காமல் ஒட்டி நிற்கிறது என்பதே நான் கண்டது.

நடந்ததை இப்படித்தான் புரிந்துகொள்ள முடிகிறது. நள்ளிரவு தாண்டி நடுக்குழி உண்டாகித் திருகுத் தண்டுக்குப் பெல்லட் கிடைக்காமல் போயிருக்கிறது. ஹாப்பரில் பாதிக்கு மேல் எரிபொருள் இருக்கும்போதே தீ பட்டினியில் அணைந்திருக்கிறது. வெப்பம் குறைவதைச் சென்சார் சொல்ல, கருவியின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பகுதியான கண்ட்ரோலர் இன்னும் அதிகமாக ஊட்டும்படி திருகுத் தண்டுக்கு ஆணையிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. பிறகு ஒரு பக்கம் சரிந்து பெல்லட் மீண்டும் கிடைக்கத் தொடங்கியதும், தீயே இல்லாத கிண்ணத்துக்குள் அது தொடர்ந்து தள்ளப்பட்டிருக்கிறது. பற்றவைக்கும் தண்டு தொடக்கத்தில் சில நிமிடங்கள் மட்டுமே சூடாகும் என்பதால், நடுவில் அந்தப் பெல்லட்டைப் பற்றவைக்க ஒன்றுமில்லை. காலையில் நான் இயக்கியபோது, ஒரு கைப்பிடி பெல்லட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குவியலே இருந்தது. அது முதலில் எரியாமல் புகைந்து, எரியக்கூடிய வாயுவைக் கிரில்லின் உட்புறம் முழுவதும் நிரப்பியது. பிறகு கீழே சுடர் எழுந்ததும் அத்தனையும் ஒரே நொடியில் பற்றிக்கொண்டது.

இனி, ஈரமான பெல்லட் என்ற தங்கள் விளக்கத்துக்கு வருகிறேன். நான் பயன்படுத்தியது தங்கள் நிறுவனமே விற்கும் பெல்லட். அன்று மாலைதான் பையைப் பிரித்தேன். மீதியைக் காற்றுப் புகாத டிரம்மில் வைத்திருக்கிறேன். பெல்லட் என்பது மரத்தூளை அழுத்தத்தில் இறுக்கி, மரத்தில் இயல்பாக உள்ள லிக்னின் இளகி ஒட்டுவதால் உருவாவது. ஈரம் பட்டால் உப்பி, மேல்பளபளப்பு போய், விரலால் நசுக்கினாலே தூளாகிவிடும். ஹாப்பரில் எஞ்சியிருந்தவற்றில் பத்துப் பன்னிரண்டை எடுத்து ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் டக்கென்ற சத்தத்தோடு சுத்தமாக முறிந்தது. ஒன்றுகூட உப்பியிருக்கவில்லை. திருகுத் தண்டின் குழாயில் தூள் இறுகி அடைத்திருக்கவும் இல்லை. அப்படி அடைத்திருந்தால் கிண்ணம் நிரம்பியிருக்கவே முடியாது. ஈரமே காரணம் என்று முடிவுக்கு வந்தவர், நான் இணைத்திருந்த படங்களைப் பார்த்தாரா என்ற ஐயம் எனக்கு இருக்கிறது. அதே மின்னஞ்சலின் அடியில் புதிய பெல்லட் பை வாங்கத் தள்ளுபடிச் சீட்டு ஒன்றும் இணைக்கப்பட்டிருந்தது. ஒரு குழந்தை தீக்காயத்திலிருந்து தப்பியதைப் பற்றி எழுதியவருக்கு அனுப்பும் பதில் அதுவல்ல.

என் மனக்குறையின் மையம் தீ அணைந்தது அல்ல. விறகோ கரியோ பெல்லட்டோ, எந்தத் தீயும் சில நேரம் அணையும். அதை யாரும் குற்றமாகச் சொல்ல மாட்டார்கள். ஆனால் இந்தக் கருவிக்குத் தீ அணைந்தது தெரியும். ஒன்று நாற்பதிலிருந்து நிமிடத்துக்கு நிமிடம் வெப்பம் சரிவதை அது அளந்து, பதிவுசெய்து, கோடாக வரைந்து என் கைபேசிக்கு அனுப்பியும் வைத்திருக்கிறது. 110 டிகிரியில் வைத்த கிரில் ஒரு மணி நேரத்துக்குள் 50 டிகிரிக்கு இறங்கினால் அதற்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு. அப்போது திருகுத் தண்டை நிறுத்தியிருக்க வேண்டும். கைபேசியில் ஒலி எழுப்பியிருக்க வேண்டும். இரண்டையும் செய்யாமல் விடியும்வரை பெல்லட்டை ஊட்டிக்கொண்டே இருந்தது. இறைச்சி குறித்த வெப்பத்தை எட்டினால் மணியடிக்கத் தெரிந்த செயலிக்கு, தீ அணைந்தால் மணியடிக்க ஏன் சொல்லித்தரவில்லை என்பதே என் கேள்வி.

இந்தத் தொழில்நுட்பம் நேற்று வந்ததும் அல்ல. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோ டிரேகர் 1980களின் நடுவில் உருவாக்கி, காப்புரிமை பெற்ற வடிவம் இது. 2006இல் அந்தக் காப்புரிமை முடிந்த பிறகே தங்கள் நிறுவனம் உட்படப் பலரும் இதைத் தயாரிக்கத் தொடங்கினார்கள். தீ அணைவதும் கிண்ணம் நிரம்புவதும் இவ்வகைக் கிரில் வைத்திருப்பவர்கள் நன்கறிந்த கோளாறுகள். வெப்பம் ஓரளவுக்குக் கீழே இறங்கிச் சில நிமிடங்கள் அங்கேயே நின்றால் தானாக நின்று பிழைக் குறியீடு காட்டும் கண்ட்ரோலர்கள் சந்தையில் இருக்கின்றன. ஆகவே, தவிர்க்க முடியாத விபத்து என்று இதைச் சொல்ல இடமில்லை.

கையேட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நடுவில் அணைந்த கிரில்லை மீண்டும் இயக்கும் முன், மின்இணைப்பைத் துண்டித்து, நெருப்புக் கிண்ணத்தை வெறுமையாக்கி, மூடியைத் திறந்துவைத்தே பற்றவைக்க வேண்டும். இந்த ஒரு வாக்கியம் உரிய இடத்தில் அச்சாகியிருந்தால் அன்று காலை எதுவும் நடந்திருக்காது. அதற்குப் பதிலாக, எது செய்யக் கூடாதோ அதையே கையேடு செய்யச் சொல்கிறது.

ஆகவே தங்களிடம் நான் கேட்பவை: என் கிரில்லின் கண்ட்ரோலரையும் வளைந்த கீலையும் உத்தரவாதத்தின்கீழ் கட்டணமின்றி மாற்றித்தர வேண்டும், ஹாப்பரின் சரிவைத் தங்கள் பொறியாளர் ஒருவர் நேரில் ஆய்வுசெய்து எழுத்துமூலம் அறிக்கை தர வேண்டும். இவை எனக்கானவை. இவற்றைவிட முக்கியமாக, தீ அணைந்தால் திருகுத் தண்டை நிறுத்தி எச்சரிக்கை எழுப்பும் வகையில் மென்பொருளைத் திருத்தி, இந்த மாதிரியை வைத்திருக்கும் அனைவருக்கும் அனுப்ப வேண்டும். அது தயாராகும்வரை காத்திராமல், மறுபற்றவைப்புக்கு முன் கிண்ணத்தைக் காலிசெய்யச் சொல்லும் அறிவிப்பைச் செயலி வழியாக உடனே அனுப்ப வேண்டும். அதற்கு ஒரு நாள் போதும். இரவில் வைத்துவிட்டுத் தூங்கலாம் என்ற விளம்பர வாசகத்தை, எச்சரிக்கை வசதி சேரும்வரை நிறுத்திவைக்க வேண்டும். எனக்கு மட்டும் புதிய கருவி தந்து இதை முடித்துவிடலாம் என்று தங்கள் பிரிவு கருதினால், அதை நான் ஏற்க மாட்டேன் என்பதையும் இப்போதே தெரிவித்துக்கொள்கிறேன்.

இரவின் வெப்பநிலை வரைபடம், ஹாப்பர், நெருப்புக் கிண்ணம், கீல் ஆகியவற்றின் படங்கள், பெல்லட் பையின் மேலுள்ள தொகுதி எண், கையேட்டின் தொடர்புடைய பக்கம் ஆகியவற்றை மீண்டும் இணைத்துள்ளேன். இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துமூலமான பதிலை எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் இதே ஆவணங்களுடன் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பை அணுகுவேன்.

கிரில்லின் மின்இணைப்பைத் துண்டித்தே வைத்திருக்கிறேன். ஹாப்பரில் அந்தக் குழியும், கிண்ணத்தில் அந்தக் குவியலும் ஆய்வுக்கு எடுத்த சில பெல்லட்டுகளைத் தவிர அன்று இருந்தபடியே இருக்கின்றன. தங்கள் பொறியாளர் வரும் நாளை முன்கூட்டியே தெரிவித்தால், அவர் பார்க்கும்போது நானும் உடனிருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாடிக்கையாளர்

இணைப்பு: மேற்குறிப்பிட்ட ஆவணங்கள்