மூன்றாவது கம்பி

என்னிஸ்,
சனிக்கிழமை இரவு

அன்பு மகளுக்கு,

நீ உறையில் வைத்து அனுப்பிய, அறுந்துபோன கிட்டார் கம்பி வந்து சேர்ந்தது. பூதக்கண்ணாடியும் கையுமாக விளக்கடியில் உட்கார்ந்து பார்த்தேன். கிட்டாரின் உடலில் மாட்டும் குமிழ் முனையிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி அறுந்திருக்கிறது. வெண்கலச் சுற்று பிரிந்து சுருண்டு கிடக்க, நடுவில் எஃகு ஊசிமுனை போலப் பளபளக்கிறது. கம்பிகளைக் கீழ்முனையில் தாங்கும் பட்டையான சேடிலின் விளிம்பிலேயே போயிருக்கிறது, அம்மா. ஒரே மாதத்தில் மூன்று முறை, மூன்றும் இதே இடத்தில் என்றால் கம்பி விற்றவரைக் குறை சொல்ல முடியாது.

முதலில் கம்பியைக் கழற்றிவிட்டு, சேடிலின் மேல் கொஞ்சம் பஞ்சை இழுத்துப் பார். இழை சிக்கினால் அங்கே பிசிறு இருக்கிறது. மெல்லிய உப்புத்தாளால் அந்த விளிம்பை மட்டும் இரண்டு தடவை தடவு, உயரத்தைக் குறைத்துவிடாதே. மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் நட்டின் பள்ளங்களில் பென்சில் முனையைத் தேய்த்துவிடு. அடிக்கடி சுருதி மாற்றுகிறவள் நீ, கம்பி அங்கே சிக்காமல் வழுக்க வேண்டும்.

ஏன் மூன்றாவதே அறுகிறது என்று கேட்டிருந்தாய். சுற்றுக் கம்பிகளில் அதன் உட்கம்பிதான் ஆக மெல்லியது. டாட்காட் (DADGAD) சுருதிக்கு, அதாவது ஆறு கம்பிகளையும் D-A-D-G-A-D என்று வைப்பதற்கு, 1, 2, 6 ஆகிய கம்பிகளைத் தளர்த்துகிறாய். 3, 4, 5 முழு இழுப்பிலேயே நிற்கின்றன. அதன்மேல் ரீல் என்னும் வேகமான நடன மெட்டு ஒவ்வொன்றுக்கும், கம்பியை மீட்டும் தடித்த பிக்கால் ஓங்கி அடித்தால் மெல்லியதுதான் முதலில் போகும்.

ஓங்கி அடிக்கிறாய் என்பது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். போன மாதம் நீ வந்தபோது, நீ தூங்கப் போன பிறகு கிட்டாரை எடுத்துப் பார்த்தேன். ஒலித்துளைக்குக் கீழே, காவல் தகட்டைத் தாண்டி, பாலிஷ் போய் மரம் வெளுத்திருக்கிறது. விரலால் தடவினால் நார் நாராகத் தட்டுப்படுகிறது. உன் கிட்டாரின் மேற்பலகை சீடர் மரம், கிட்டார்களுக்கு வழக்கமான ஸ்ப்ரூஸ் மரத்தைவிட மென்மையானது. ஐரிஷ் பாடகர் கிளென் ஹான்சார்டின் கிட்டாரில் பிக் பட்டுப் பட்டு ஓட்டையே விழுந்ததைப் பார்த்திருப்பாய். அதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மரம் போனால் போனதுதான். ஒட்டக்கூடிய ஒளிபுகும் தகடு ஒன்றை வாங்கி உடனே ஒட்டிவிடு.

எல்லோரும் கூடி உட்கார்ந்து வாசிக்கும் செஷனில் இரண்டு ஃபிடில் (வயலின்), ஒரு பட்டன் அக்கார்டியன், பைப்ஸ் என்னும் துருத்திக் குழல் எல்லாம் சேர்ந்தால் நம் கிட்டார் நமக்கே கேட்பதில்லை. கேட்கவில்லை என்றுதான் கை ஓங்குகிறது; நானும் பல வருடம் அப்படித்தான் அடித்தேன். பிறகுதான் நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டுக்கொள்ளக் கற்றேன், சத்தம் திரும்பி வரும். மும்மூன்று அடியாகப் போகும் ஜிக் மெட்டு வாசிக்கும்போது கீழ்-மேல்-கீழ், கீழ்-மேல்-கீழ் என்று போகிறதல்லவா, அதில் முதல் கீழடிக்கு மட்டும் எடை கொடு, மற்றவை தொட்டுப் போகட்டும். 1970களில் டாட்காட்டை ஐரிஷ் இசைக்குள் கொண்டுவந்தவர்களில் ஒருவரான கிட்டார் கலைஞர் மீஹால் ஓ டோனலைக் கேள். மார்ட்டின் ஹேய்ஸின் ஃபிடிலுக்குப் பக்கத்தில் டெனிஸ் கஹில் கிட்டாரில் எத்தனை குறைவாக வாசித்தார் என்று பதிவுகளில் கேள். அவர் வாசித்த அந்த ஓரிரண்டு ஸ்வரமும் இல்லையென்றால் மெட்டு தள்ளாடும்.

இதனுடன் மூன்றாவது கம்பி மட்டும் தனியாக நான்கு வைத்திருக்கிறேன். ஜூலை முதல் வாரம் வில்லி கிளான்சி கோடைக்கால இசைப் பள்ளிக்கு மில்டவுன் மால்பே ஊருக்கு வருவாய் அல்லவா? கிட்டாரை எடுத்து வா. கழுத்தில் பதித்த உலோகக் கோடுகளில், அந்த முதல் ஐந்து ஃபிரெட்களையும் நானே பார்க்கிறேன்.

அப்பா