ஆறேகால் அடிச் சமையலறை

சென்னை
ஞாயிறு மாலை

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து நான்கு மாதம் ஆகிவிட்டது. நீ அதோடு அனுப்பிய வீட்டு வரைபடம் பஞ்சாங்கத்துக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. பதில் போடாததற்கு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. திட்டி முடித்ததும் இந்தக் கடிதத்தைக் கடைசி வரை படித்துவிடு. கொத்தனாருக்கு முன்பணம் கொடுப்பதற்குள் படித்துவிடு.

இங்கே எல்லோரும் நலம். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மகள் நித்யா ஜெர்மனியில் பிராங்க்பர்ட்டிலேயே இன்னும் இரண்டு வருடம் இருப்பாளாம். அண்ணனுக்கு என் வணக்கம் சொல். அம்மாவுக்குக் கண் அறுவை முடிந்ததா? இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் அத்தைக்குக் காலில் கஞ்சி கொட்டிவிட்டது. பயப்படாதே, இப்போது நடக்கிறார். ஆனால் அன்று நடந்ததை உன்னிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

அத்தைக்குக் குக்கர் சோறு இறங்காது என்பது உனக்குத் தெரியும். எழுபத்தாறு வயதிலும் பானையில் பொங்கி, கஞ்சி வடித்தால்தான் அவருக்குச் சோறு. எங்கள் சமையலறையில் அடுப்பு கிழக்குச் சுவர் மேடையில், பாத்திரத் தொட்டி எதிரே மேற்குச் சுவர் மேடையில். பத்தொன்பது வருடமாக அவர் கொதிக்கும் பானையைப் பிடிதுணியோடு தூக்கி, திரும்பி, இரண்டு எட்டு வைத்து எதிர்ப்பக்கம் கொண்டுபோய் வடிப்பார். அன்று அவர் திரும்பிய அதே நொடியில் நான் தயிர் எடுக்கக் குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்தேன். கதவு அவர் முழங்கையில் இடித்தது. மூடியிருந்த தட்டு நழுவியது. வெள்ளைக் கஞ்சி அவருடைய இடது புறங்காலில் விழுந்து, தரை ஓட்டின் இடுக்குகளில் கோடு கோடாக ஓடியது. அத்தை முதலில் கேட்டது, "சோறு கொட்டிவிட்டதாம்மா?" என்றுதான்.

காலைக் குழாயடியில் நீட்டி இருபது நிமிடம் தண்ணீர் விட்டேன். பக்கத்து வீட்டுப் பெண் பற்பசையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள், தடவ விடவில்லை. தீப்புண்ணில் அதைப் பூசினால் சூடு உள்ளேயே தங்கும், புண்ணும் கெடும். உன் வீட்டிலும் எல்லோருக்கும் சொல்லி வை, தண்ணீர்தான் முதல் மருந்து. புண் ஆற ஐந்து வாரம் ஆனது. புதுத்தோல் இன்னும் ரோஜா நிறத்தில் இருக்கிறது. செருப்பு வார் பட்டால் முகம் சுளிக்கிறார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்துபோய் அளவு நாடாவைப் பிடித்தேன். சுவருக்குச் சுவர் ஆறேகால் அடி, அதாவது 75 அங்குலம். இரண்டு பக்க மேடையும் தலா 24 அங்குலம். நடக்க மிச்சம் 27. குளிர்சாதனப் பெட்டி நிற்கும் இடத்தில் அது நான்கு அங்குலம் முன்னே துருத்திக்கொண்டிருந்தது, ஆக அங்கே 23. அதன் கதவைத் திறந்தால் வழியே கிடையாது. இத்தனை வருடம் இரண்டு பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் உரசிக்கொண்டு, "நீ நகரு, நான் நகர்கிறேன்" என்று பேசிக்கொண்டதை அன்பு என்றே நினைத்திருந்தேன். அது அளவுப் பிழை செல்வி.

மறுவாரம் சமையலறை அமைத்துத் தரும் ஒரு நிறுவனத்திலிருந்து இளைஞர் ஒருவர் மடிக்கணினியோடு வந்தார். பளபளக்கும் கதவுகள், கூரையைத் தொடும் அலமாரி, மூலையில் சுழலும் கூடை, எல்லாவற்றையும் திரையில் வரைந்து காட்டினார். நடைபாதை அதே 27 அங்குலம்தான். "கஞ்சி எங்கே வடிப்பது?" என்று கேட்டேன். சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை. நான்கு லட்சம் கேட்பவருக்கு அந்த அறையில் என்ன சமைக்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டாமா?

அப்போதுதான் போன வருடம் நித்யா என்னை அழைத்துப்போன ஒரு வீடு நினைவுக்கு வந்தது. பிராங்க்பர்ட்டில் ரோமர்ஷ்டாட் என்ற குடியிருப்பில், எர்ன்ஸ்ட் மே என்ற கட்டடக் கலைஞரின் பெயரில் ஒரு வீட்டை 1920-களில் இருந்தபடியே வைத்திருக்கிறார்கள். அதன் சமையலறையை வரைந்தவர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற வியன்னாப் பெண். 1926-ல் வரைந்தபோது அவருக்கு வயது 29. முதல் உலகப் போருக்குப் பின் வீடில்லாமல் தவித்தவர்களுக்காக நகராட்சி கட்டிய குடியிருப்புகளில் ஏறத்தாழ பத்தாயிரம் வீடுகளுக்கு அதே சமையலறையை வைத்தார்கள். அகலம் 1.9 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, நீளம் 3.4 மீட்டர். நம் கணக்கில் ஆறடிக்குக் கொஞ்சம் மேலே, பதினோரு அடிக்குக் கொஞ்சம் மேலே. என் சமையலறையேதான்!

ரயில் உணவுப் பெட்டியில் சமைப்பவர்கள் அவ்வளவு சின்ன இடத்தில் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்த்து, ஒரு பெண் ஒரு வேலைக்கு எத்தனை அடி நடக்கிறாள் என்று கணக்கெடுத்து வரைந்திருக்கிறார். ஜன்னலுக்குக் கீழே நறுக்கும் பலகை, அதில் ஒரு பள்ளம். காய்த்தோலை வழித்துத் தள்ளினால் கீழே குப்பை இழுப்பறையில் விழும். உட்கார்ந்து வேலை செய்யச் சுழலும் முக்காலி. அரிசி, சர்க்கரை என்று பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள். பிடியைப் பிடித்து உருவி, மூக்கு வழியாக அப்படியே பாத்திரத்தில் கொட்டலாம். மாவுக்கு மட்டும் ஓக் மரம், ஏனென்றால் அதில் புழு அண்டாது. அந்த அரிசி இழுப்பறையை உருவிப் பார்க்க வேண்டும் என்று என் கை பரபரத்தது. நித்யா என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். நாம் சேர்ந்து தங்கியிருந்த பன்னிரண்டாம் எண் அறையில் நீ ஒரு முக்காலியையும் மண்ணெண்ணெய் அடுப்பையும் வைத்து நான்கு பேருக்குச் சமைத்தாயே, அதை நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அத்தைக்குக் காலில் பட்ட பிறகு அந்தச் சமையலறையின் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. அங்கேயும் அடுப்பு ஒரு சுவரில், தொட்டி எதிர்ச்சுவரில். ஒருத்தி தனியாக நின்று, நின்ற இடத்திலேயே திரும்பிச் சமைப்பதற்கு அது சரி. இன்னொருத்தி உள்ளே வந்தால் ஆபத்து. ஒற்றைப் பெண்ணைத் தனி அறையில் நிறுத்திவிட்டது என்று அந்தச் சமையலறையைப் பிற்காலத்தில் பெண்ணியவாதிகளும் குறை சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மையாரின் மூளையை நான் கும்பிடுகிறேன். ஹிட்லர் ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்று, 103 வயதை எட்டப் போகும்போது காலமானவர். ஆனால் எங்கள் வீட்டில் சமைப்பது இரண்டு பேர். கொதிக்கும் பானை நடைபாதையைக் கடக்கவே கூடாது. இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மீதி எல்லாவற்றையும் நானே ஆசாரியோடும் கொத்தனாரோடும் உட்கார்ந்து முடிவு செய்தேன்.

அடுப்பு, நறுக்கும் இடம், தொட்டி மூன்றும் கிழக்குச் சுவரில் ஒரே மேடையில் வந்துவிட்டன. அடுப்புக்கு வலப்பக்கம் ஒன்றரை அடி வெறும் கல், சூடான பாத்திரத்தை இறக்கி வைக்க. இடப்பக்கம் நான்கடி வேலை செய்யும் இடம், அதைத் தாண்டித் தொட்டி. பானையைத் தூக்கவே வேண்டாம். கல்லின் மேல் நகர்த்திக்கொண்டுபோய்த் தொட்டிக்குள் சாய்த்தால் போதும். தொட்டியை இடம் மாற்றினால் கழிவுநீர்க் குழாய்க்கு வாட்டம் கிடைக்காது என்று அந்த இளைஞர் சொல்லியிருந்தார். எங்கள் பிளம்பர் வந்து பார்த்துவிட்டு, வடக்கே சர்வீஸ் பால்கனி ஒட்டியிருக்கிறதே, வாட்டம் முன்னைவிட நன்றாகவே வரும் என்றார். அத்தைக்கு இன்னொரு சந்தோஷம்: அடுப்பு தென்கிழக்கில், தண்ணீர் வடகிழக்கில், சமைப்பவர் முகம் கிழக்கே. வாஸ்து தானாகவே அமைந்துவிட்டது.

மேற்குப் பக்க மேடையை 24 அங்குலத்திலிருந்து 15 ஆகக் குறைத்தேன். நடைபாதை இப்போது 36 அங்குலம். ஒன்பது அங்குலம் பெரிதா என்று கேட்பாய். வந்து நின்று பார், மூச்சு விடுவதே வேறு மாதிரி இருக்கிறது. பதினைந்து அங்குல மேடையில் டப்பாக்கள் ஒற்றை வரிசையில் நிற்கின்றன. பின்னால் என்ன இருக்கிறது என்று துழாவ வேண்டியதில்லை. பூச்சி பிடித்த ரவை என்ற பேச்சே இல்லை. குளிர்சாதனப் பெட்டி கூடத்துக்குப் போய்விட்டது. கிரைண்டரும் சிலிண்டரும் பால்கனிக்குப் போய்விட்டன. எரிவாயுவுக்கு முகவரின் ஆளையே வரவழைத்துச் செம்புக் குழாய் போட்டோம்.

ஆசாரியோடு எனக்கு ஒரே ஒரு சண்டை. தொட்டிக்குக் கீழே ஒட்டுப்பலகை அடிக்கிறேன் என்றார். கூடாது என்றேன். தண்ணீரைத் தாங்கும் கடல் தரப் பலகை, ஐ.எஸ். 710 தர முத்திரை போட்டது என்று காட்டினார். மற்ற இழுப்பறைகளுக்கு அதையே போடச் சொன்னேன், தொட்டிக்கடியில் மட்டும் கடப்பாக் கல். கசிவு வந்தால் கண்ணில் படட்டும். மேடைக்கு அடியில் தரையோரம் நான்கு அங்குலம் உள்ளடக்கி வைக்கச் சொன்னதற்கு முதலில் முணுமுணுத்தார். கால்விரல் உள்ளே போனால்தான் மேடையை ஒட்டி நிற்க முடியும், முதுகு வளையாது. அவரை நிற்க வைத்துக் காட்டினேன். "அம்மா சொல்வது சரிதான்" என்று அடுத்த வீட்டு வேலையிலும் அப்படியே செய்திருக்கிறார். விளக்கும் முக்கியம். நடுக்கூரையில் விளக்கு இருந்தால் நம் நிழலே நறுக்கும் கத்தியின் மேல் விழுகிறது. அஞ்சறைப் பெட்டி வைக்கும் சின்னத் தட்டுக்கு அடியில் ஒரு நீள விளக்கை ஒட்டினோம், தீர்ந்தது.

இனி எனக்கு மிகவும் பிடித்ததைச் சொல்கிறேன். மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் கூடம். நாலரை அங்குலத் தடுப்புச் சுவர்தான். பொறியாளரை அழைத்துப் பாரம் தாங்காத சுவர் என்று உறுதி செய்துகொண்டு, குடியிருப்புச் சங்கத்தில் அனுமதி வாங்கி, நான்கடி அகலத்துக்குத் திறந்துவிட்டோம். அங்கே மட்டும் மேடையை 30 அங்குல உயரத்துக்குத் தணித்து, அந்தக் கல்லைக் கூடத்துக்குள் பத்து அங்குலம் நீட்டினோம். அத்தை கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்தக் கல்லில் வைத்து வெண்டைக்காய் நறுக்குகிறார். கால்கள் கூடத்தில், பேச்சு சமையலறையில். உப்பு போட்டாயா என்று கேட்கிறார், நான் கரண்டியை நீட்டினால் உள்ளங்கையில் வாங்கி ருசி பார்க்கிறார். அடிபட்ட பிறகு ஒரு மாதம் உள்ளே வரவே பயந்தவர் செல்வி. ராத்திரி அந்தப் புண்ணுக்கு மருந்து போடும்போது, "இனி நான் உனக்கு இடைஞ்சல்தானே" என்று ஒருநாள் கேட்டார். அதற்கு நான் வாயால் சொன்ன பதில் எதையும் அவர் நம்பவில்லை. சுவரைத் திறந்த பிறகு நம்பினார்.

இப்போது உன் வரைபடத்துக்கு வருகிறேன். உன் சமையலறை ஐந்தரை அடிக்கு ஒன்பது அடி. அதில் இரண்டு பக்கமும் மேடை போட்டிருக்கிறாய். அடுப்பு ஒரு பக்கம், தொட்டி எதிர்ப்பக்கம். 66-ல் 48 போனால் 18 அங்குலம். அம்மாவுக்கு வயது எண்பத்தொன்று, கண்பார்வை வேறு. வேண்டாம். கேட்டுக்கொள்கிறேன், வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் மேடை போடு. எதிர்ச்சுவரில் ஆறு அங்குலத்துக்குத் தட்டுகள் மட்டும் போதும், உனக்கும் 36 அங்குலம் கிடைக்கும். உள்ளே திறக்கும் கதவை எடுத்துவிடு, வேண்டுமானால் தள்ளும் கதவு வை. "இடம் பற்றாது, மேடை இன்னும் வேண்டும்" என்று எல்லோரும் சொல்வார்கள். அண்ணனும் சொல்வார். தரையில் சாக்கட்டியால் கோடு போட்டு, அவர் கையில் தண்ணீர் நிறைந்த பானையைக் கொடுத்து நடக்கச் சொல்.

வரைபடத்தில் சிவப்புப் பேனாவால் திருத்தி இதோடு வைத்திருக்கிறேன். குழாய் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று மட்டும் அதில் இல்லை. உடனே பார்த்து எழுது. தொட்டி எங்கே என்பது அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. என்னைப் போல நான்கு மாதம் எடுத்துக்கொள்ளாதே, உனக்குக் கட்டட வேலை ஆவணி முகூர்த்தத்தில் தொடங்குகிறது.

நம் தோழி ராஜேஸ்வரியிடம் அத்தையின் கால் விஷயத்தைச் சொல்ல வேண்டாம். அன்றைக்கே பஸ் ஏறிவிடுவாள்.

அன்புடன்,
கற்பகம்