பள்ளி மறைக்கல்வி ஞாயிறு வகுப்பின் நகலாக வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளிகள் ஜூனில் கால அட்டவணை போடும்போது மறைக்கல்விக்கென்று, அதாவது கிறிஸ்தவ விசுவாசத்தைக் கற்பிக்கும் பாடத்துக்கென்று, சில பீரியடுகளை ஒதுக்குகின்றன. பல பள்ளிகளில் அந்த நேரத்தில் நடப்பது, ஞாயிறு திருப்பலி (பூசை) முடிந்து பங்கில், அதாவது ஊர்க் கோயிலில், நடக்கும் அதே வகுப்புதான். புத்தகமும் அதே; கேள்வி பதிலும் அதே. பிள்ளைகள் முதன்முறையாக நற்கருணை வாங்கும் புதுநன்மை நெருங்கிவிட்டால் கணக்குப் பீரியடும் செபம் ஒப்பிப்பதற்கே போய்விடுகிறது.

புதுநன்மைக்குப் பிள்ளையை ஆயத்தம் செய்வது முதன்மையாகப் பெற்றோரின் கடமை, அவர்களோடு பங்குத்தந்தையின் கடமை என்கிறது திருச்சபைச் சட்டம் 914. பள்ளியில் தரும் சமயக் கல்வி வேறு, பங்கில் தரும் மறைக்கல்வி வேறு, இரண்டும் ஒன்றுக்கொன்று துணை என்று வத்திக்கானின் கத்தோலிக்கக் கல்விப் பேராயம் 2009 மே மாதச் சுற்றுமடலிலேயே பிரித்துச் சொல்லிவிட்டது. பள்ளியின் பங்கு, விவிலியத்தையும் விசுவாசத்தையும் பிள்ளை விளங்கிக்கொள்ளச் செய்வது.

40 நிமிடத்தில் அதைச் செய்ய முடியும். இயேசுவைப் பார்க்க மரம் ஏறிய, வரி வசூலித்துப் பணக்காரரான சக்கேயுவின் கதையை (லூக்கா 19:1-10) எடுத்துக்கொள்வோம். பாட்டுக்கும் அமைதிக்கும் 5 நிமிடம். அடுத்த 10 நிமிடம், புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, பிள்ளைகளின் முகம் பார்த்து ஆசிரியர் கதை சொல்ல வேண்டும். பத்தே வசனம் என்பதால் முழுதாகச் சொல்லிவிடலாம். கூடுதலாக இன்னொரு கதையைச் சேர்த்தால் இரண்டும் தங்காது. 10 நிமிடம் நடிப்பு. வரி கொடுத்து ஏமாந்தவராக ஒரு பிள்ளை கட்டாயம் நிற்க வேண்டும். பெரும்பாலான வகுப்புகளில் மரம் ஏறுவதோடு நடிப்பு முடிந்துவிடுகிறது. ஆனால் கதையின் உயிர் 8ஆம் வசனத்தில் இருக்கிறது: சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றியவர்களுக்கு நான்கு மடங்கு. மீதி நேரத்தில் படமும், "எடுத்ததை யாருக்குத் திருப்பித் தர வேண்டும்?" என்ற ஒரே கேள்வியும் போதும்.

இந்த அடித்தளம் இல்லாததால்தான் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு (பாவசங்கீர்த்தனத்துக்கு) வேண்டிய ஐந்தையும் (பாவத்தை நினைத்துப் பார்ப்பது, மனம் வருந்துவது, இனிச் செய்யேன் என்று உறுதி எடுப்பது, குருவிடம் அறிக்கையிடுவது, பரிகாரம் செய்வது) தடையின்றி ஒப்பிக்கும் பிள்ளை, பரிகாரம் என்றால் மூன்று "அருள் நிறைந்த மரியே" சொல்வது மட்டும் என்று நினைத்துக்கொள்கிறது. பக்கத்துப் பிள்ளையின் பென்சிலைத் திருப்பிக் கொடுப்பதும் அதில் சேரும் என்று யாரும் காட்டுவதில்லை. செபங்களை மனப்பாடம் செய்வது தவறே அல்ல. ஏழு, எட்டு வயதில் ஏறியது கடைசிவரை நிற்கும். அதை வீட்டு மாலை செபத்திலும் ஞாயிறு வகுப்பிலும் செய்யலாம்.

பத்துக்கட்டளையில் ஒரு சிக்கல் அடிக்கடி வரும். தாய் தந்தையை மதிப்பது நமக்கு நான்காம் கட்டளை. அதே வகுப்பில் இருக்கும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பிள்ளைக்கு ஐந்தாவது. உருவ வழிபாட்டுத் தடையை நாம் முதல் கட்டளைக்குள் அடக்கி, பிறர் மனைவி, பிறர் உடைமை என்று கடைசியை இரண்டாகப் பிரிக்கிறோம். அவர்கள் முன்னதைத் தனியாக எண்ணி, பின்னதை ஒன்றாக்குகிறார்கள். (லூத்தரன் பிள்ளைகளின் எண் பெரும்பாலும் நம்முடையதோடு ஒத்துப்போகும்.) காரணம் தெரியாத ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிடுகிறார். எண்ணைக் கேட்காமல் கட்டளையைக் கேட்டால் பிரச்சினையே இல்லை. இந்தப் பாடத்துக்கு மதிப்பெண்ணே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. விசுவாசத்தில் ஒரு பிள்ளை 35க்குக் கீழே என்று அட்டையில் எழுதுவது கொடுமை.

பிற சமயப் பிள்ளைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அங்கீகாரமோ அரசு உதவியோ பெற்ற பள்ளியில், பாதுகாவலர் சம்மதமின்றி எந்தப் பிள்ளையையும் சமய போதனையில் பங்கேற்கச் சொல்லக்கூடாது என்கிறது அரசமைப்பின் 28(3). சேர்க்கைப் படிவத்தின் பொடி எழுத்தில் அதை ஒளிக்காமல், தமிழில் தனித்தாளில் கேட்டு, கையொப்பம் வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டும். மறைக்கல்வி நேரத்தில் அந்தப் பிள்ளைகளைக் கடைசி பெஞ்சில் வாய்ப்பாடு எழுத வைப்பதும், மறைக்கல்விப் பாடத்திலேயே பெயர்களை மாற்றி நன்னெறி என்று நடத்துவதும் நிற்க வேண்டும். நன்னெறிக்குத் தனி ஆசிரியர், தனிப் பாடத்திட்டம், வாரம் ஒரு குறள், அதையொட்டி வகுப்பிலேயே செய்து பார்க்கும் ஒரு வேலை என்று ஜூன் முதல் வாரத்திலேயே எழுதிவைத்தால் ஆண்டு முழுதும் ஓடும். இரண்டு வகுப்பையும் ஒரே பீரியடில், இரண்டு அறைகளில் வைப்பது அவசியம். இல்லையேல் ஒரு கூட்டம் வராந்தாவில் உட்கார நேரிடும்.

மறைக்கல்வி ஆசிரியர்கள்,
திண்டுக்கல்