யாரும் கேட்காத ஒன்றை எழுத ஓர் இடம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. குறுவை நெல்லைக் கொள்முதல் நிலைய வாசலில் கொட்டிவைத்துக்கொண்டு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இறங்குமா என்று வானத்தைப் பார்த்து நின்ற கதையை இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். கடைசியில் நெல்லை எடுத்தார்களா, பணம் வங்கிக்கு வந்ததா என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாய். அடுத்த கடிதத்தின் முதல் வரியாக அதை எழுது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண்புரை அறுவை முடிந்துவிட்டது. இப்போது நான் வாசலில் நுழையும்போதே சட்டையில் இருக்கும் காபிக் கறையைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். உன்னையும் விசாரித்தார்கள்.

நீ இரண்டு கேள்விகள் கேட்டிருந்தாய். ஒன்று உன் மகனுக்காக. பில்லிங் மென்பொருள் விற்கும் வேலையில் சேர்ந்த சில மாதங்களிலேயே, வாடிக்கையாளர்களோடு மல்லுக்கட்ட முடியவில்லை, விட்டுவிடுகிறேன் என்கிறானாம். இதே தொழிலில் நான் எப்படி இத்தனை காலம் தாக்குப்பிடித்தேன் என்று கேட்கிறாய். மற்றொன்று உன் சொந்தக் கேள்வி. ஆள் நடமாட்டம் இல்லாத வலைப்பூவில் மறுபடியும் எழுத ஆரம்பித்திருக்கிறேனே, அதை யார் படிக்கப்போகிறார்கள் என்று. முதலில் உன் மகன் விஷயத்தைப் பேசுகிறேன்.

கேட்பவர்கள் எல்லோரும் அநியாயமாகக் கேட்கிறார்கள் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தால், இந்தத் தொழில் அவனைச் சீக்கிரம் கசக்கிப் பிழிந்துவிடும். எங்கள் ஊர் மஞ்சள் மண்டிக்காரர் ஒருவர் வந்தார். பேரேட்டில் வரவு இடது பக்கமும் பற்று வலது பக்கமும் வர வேண்டும் என்றார். எந்த மென்பொருளிலும் பற்றுதான் இடது பக்கம் வரும். கல்லூரியில் வணிகவியல் படித்த என் அலுவலகப் பையன்கள் சிரித்தார்கள். நான் மண்டிக்குப் போய் ஒரு மாலை உட்கார்ந்தேன். சிவப்புத் துணி அட்டை போட்ட நீள நோட்டில் கணக்குப்பிள்ளை எழுதிக்கொண்டிருந்தார். இடது பக்கம் வரவு, வலது பக்கம் பற்று, தலைமுறையாக அப்படித்தான். இரவு கடை அடைக்கும் முன் திரையையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விரலை இரண்டிலும் ஒன்றாக நகர்த்திச் சரிபார்க்கிறார். நம் திரையில் அவை இடம் மாறியிருந்ததால் பெரியவர் ஒவ்வொரு வரிக்கும் தலையை இடமும் வலமும் திருப்பிக்கொண்டிருந்தார். மாற்றிக் கொடுத்தோம். அவ்வளவு நியாயமான கோரிக்கை அந்த ஆண்டு வேறு எதுவும் வரவில்லை என்பேன்.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு. கேட்கும்போது மிக எளிமையாக, நியாயமாக இருக்கும். உள்ளே போனால் வழி இருக்காது. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியது உனக்குத் தெரியும். அந்த மாதம் 3ஆம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் முடிவெடுத்தது, 22ஆம் தேதி அமலுக்கு வந்தது. இடையில் மூன்று வாரம்கூட இல்லை. 12 சதவீதமும் 28 சதவீதமும் பெரும்பாலும் போய், 5, 18 என்று நின்றன. சோப்பு, ஷாம்பு, நெய், குடை என்று கடையில் இருக்கும் பாதிப் பொருளுக்கு ஒரே நள்ளிரவில் வரி மாற வேண்டும். அந்த ராத்திரி எங்கள் அலுவலகத்தில் யாரும் தூங்கவில்லை என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. ஆனால் அது வெறும் உழைப்பு. சிக்கல் மறுநாள் ஜவுளிக்கடை ஒன்றிலிருந்து வந்தது.

ஆயத்த ஆடைக்கு முன்பு, வரி சேர்க்காத விலை ஆயிரம் ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12. இப்போது 2,500 வரை 5, அதற்கு மேல் 18. அந்தக் கடைக்காரர் வரியையும் சேர்த்த விலையைத்தான் துணியில் ஒட்டுவார். ஒரு சுடிதாருக்கு 2,700 என்று ஒட்டியிருக்கிறார். பில் போட்டால் மென்பொருள் திணறுகிறது என்று தொலைபேசியில் ஒரே சத்தம். நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 2,700இலிருந்து 5 சதவீத வரியைக் கழித்தால் துணியின் மதிப்பு 2,571. அது 2,500ஐத் தாண்டிவிட்டது, ஆகவே 18 சதவீதம் போட வேண்டும். சரி என்று 18 சதவீதத்தைக் கழித்தால் மதிப்பு 2,288. அது 2,500க்குள் இருக்கிறது, ஆகவே 5 சதவீதம்தான் போட வேண்டும். மறுபடியும் முதலிலிருந்து! 2,625க்கு மேல் 2,950 வரை எந்த விலையை ஒட்டினாலும் இதே கதைதான். எந்த விகிதமும் பொருந்தாத ஒரு சந்து அது. பழைய வரம்பிலும் இது இருந்தது, 1,050க்கும் 1,120க்கும் நடுவில். குறுகலாக இருந்ததால் பலர் கவனிக்கவில்லை.

கடைக்காரர் சொன்னது என்ன தெரியுமா? "அதெல்லாம் எனக்கு வேண்டாம் சார், 5 என்று போட்டுவிடுங்கள், வாங்குகிறவர்களும் சந்தோஷப்படுவார்கள்." இந்த இடத்தில்தான் உன் மகனைப் போன்ற பிள்ளைகள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, வாடிக்கையாளர் சொன்னாரே என்று போட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். அல்லது முடியாது, அரசாங்க விதி என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிடுகிறார்கள். நான் அவர் கடைக்குப் போனேன். அந்தக் காகிதத்தை மேசையில் விரித்து இரண்டு கணக்கையும் அவர் கையாலேயே போடச் சொன்னேன். கால்குலேட்டரை இரண்டு முறை தட்டினார். மூன்றாவது முறை தட்டிவிட்டு, "அட, இது ஒரு விலையே இல்லையே" என்றார். அதற்குப் பிறகு வேலை எளிதாகிவிட்டது. ஒன்று 2,625 அல்லது அதற்குக் கீழே ஒட்ட வேண்டும். இல்லையென்றால் 2,950ஐத் தாண்டிவிட வேண்டும். அதுவும் இல்லையென்றால் வரியைத் தனியாகக் காட்ட வேண்டும். பில் போடும் இடத்தில் சண்டை போடுவதைவிட, லேபிள் அச்சடிக்கும் இடத்திலேயே எச்சரிக்கை வரும்படி செய்துவிட்டோம். அவர் கேட்டது அது இல்லை. ஆனால் இப்போது பக்கத்துக் கடைக்காரரிடம் தானே கண்டுபிடித்ததுபோல அதை விளக்குகிறார். விளக்கட்டும், எனக்கு இரண்டு விற்பனை கூடுதலாக வந்தது.

விலை பேசுவதைப் பற்றி அதிகம் எழுதத் தோன்றவில்லை. மென்பொருளின் விலையைப் பத்து பைசா குறைக்காமல் வாங்கிவிட்டால் வீட்டில் மதிப்புக் குறைந்துவிடும் என்று நினைப்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள். ஆண்டுப் பராமரிப்புத் தொகை கேட்கப் போனால், "ஒன்றும் கெட்டுப்போகவில்லையே, எதைப் பராமரித்தீர்கள்?" என்பார்கள். செப்டம்பர் 22க்குப் பிறகு அந்தக் கேள்வி கொஞ்சம் குறைந்திருக்கிறது. புதிதாக ஒன்று வந்திருக்கிறது: செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு எழுதி வாங்கிய தேவைப் பட்டியல். இரண்டு கவுண்டர் இருக்கும் மளிகைக்கடையிலிருந்து பதினான்கு பக்கம் வந்தது. பல நாட்டு நாணயங்களில் பில் போடும் வசதியும் அதில் இருந்தது. அவரிடமே கேட்டேன். "அதுவா, அது என்னவென்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார். பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, கடையில் தினமும் எதற்குக் கோபம் வருகிறது என்று கேட்டேன். எடைத் தராசிலிருந்து எடையைப் பார்த்துக் கையால் அடிக்கும்போது தப்பு வருகிறது என்றார். அவ்வளவுதான், வேலை முடிந்தது.

ஆனால் எதையும் இப்படிப் பேசிச் சரிக்கட்டிவிடலாம் என்று உன் மகனுக்குச் சொல்லிவிடாதே. ஒரு தனியார் நிறுவன முதலாளி, மிகவும் மரியாதையானவர், காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "போன ஆண்டு பில்கள் சிலவற்றைத் திருத்த வேண்டும். திருத்தியது எங்கேயும் தெரியக் கூடாது. அதற்கு ஒரு பொத்தான் வைத்துத் தாருங்கள், எவ்வளவு ஆனாலும் தருகிறேன்." 2023 ஏப்ரல் 1 முதல் நிறுவனங்களின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாக வேண்டும், அந்தப் பதிவை யாரும் நிறுத்திவைக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்பது சட்டம், தணிக்கையாளர் அதைப் பார்த்து அறிக்கையில் எழுதவும் வேண்டும். விலையில் தவறு என்றால் பழைய பில்லைத் தொடாமல் கிரெடிட் நோட் என்ற திருத்தச் சீட்டு போடலாம், அதற்கு நேரான வழி இருக்கிறது என்று சொன்னேன். அவருக்கு நேரான வழி தேவைப்படவில்லை. வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். அவரோடு அவருடைய மைத்துனர் கடையும் போயிற்று. அந்தக் காலாண்டு கொஞ்சம் இழுபறியாகத்தான் போனது, மறைப்பானேன். உன் மகனின் மேலாளர் இப்படிப்பட்ட இடத்தில் "எப்படியாவது செய்து கொடு" என்று சொல்கிறவராக இருந்தால், அப்போது வேலையை விடுவதில் தவறே இல்லை. மற்ற எதற்காகவும் அவசரப்பட வேண்டாம்.

இனி உன் கேள்வி.

காலை ஒன்பது மணியிலிருந்து இரவு வரை நான் செய்வதெல்லாம் யாரோ கேட்டதுதான். எழுதும் மின்னஞ்சல்கூட யாரோ கேட்டதற்குப் பதில். ஒரு கட்டத்தில், கேட்காமல் எனக்கு எதுவும் தோன்றுவதே இல்லையோ என்ற சந்தேகம் வந்துவிட்டது. முகநூலில் எழுதலாமே என்பாய். எழுதிப் பார்த்தேன். அங்கேயும் கூட்டம் எதைக் கேட்கிறதோ அதைத்தான் விரல் எழுதுகிறது. எந்தத் தலைவர் எதைச் சொன்னார், நீ எந்தப் பக்கம் என்று ஒரு கவுண்டர் திறந்துவைத்திருக்கிறார்கள்; வரிசையில் நின்று கருத்தைக் கொடுத்துவிட்டு வர வேண்டும். வாட்ஸ்அப் குழுக்களைப் பற்றி நீயே போன கடிதத்தில் திட்டித் தீர்த்துவிட்டாய்.

நாம் எழுத ஆரம்பித்த நாட்களை நினைத்துப் பார். தமிழில் தட்டச்சு செய்ய இ-கலப்பை என்ற மென்பொருளை நிறுவிவிட்டு, எழுத்து ஒருங்குறியில் (யூனிகோடில்) விழுகிறதா, கட்டம் கட்டமாகத் தெரிகிறதா என்று மாறி மாறித் தொலைபேசியில் கேட்டுக்கொள்வோம். 2004இல், தமிழ் வலைப்பூக்களின் புது இடுகைகளை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டும் தமிழ்மணம் வந்தது. அதில் நம் இடுகையின் தலைப்பு தெரிகிறதா என்று பார்க்க உலாவு மையத்தில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்திருந்தோம். பொருத்தமான தலைப்பு, பின்னூட்டத்துக்கு மறுபின்னூட்டம், வாரம் ஒரு பதிவரை முன்னிறுத்தும் நட்சத்திர வாரம் என்று அன்றைக்கும் ஓர் ஆட்டம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் குடமுருட்டி ஆற்றில் வெள்ளம் வடிந்த பிறகு கரையில் கிடந்தவற்றைப் பற்றி நீ எழுதினாயே, அதை எழுதச் சொல்லி உன்னை யார் கேட்டார்கள்? 2013 ஜூலையில் கூகுள் ரீடர் மூடப்பட்டபோது, பிடித்த தளங்களின் புது இடுகைகளைச் செய்தியோடையாக ஒரே இடத்தில் படிக்கும் பழக்கம் பலரிடமிருந்து விட்டுப்போயிற்று. தமிழ்மணம் போன்ற திரட்டிகளும் அடங்கின. நீயும் நானும் ஏறக்குறைய அதே காலத்தில் நிறுத்தினோம்.

இப்போது ஆரம்பித்திருப்பதில் பின்னூட்டப் பெட்டி இல்லை. எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணும் கருவியையும் எடுத்துவிட்டேன். பிடித்திருந்தால் மின்னஞ்சல் எழுதட்டும். இதுவரை எழுதியவர்களில் பாதிப்பேர் பழைய ஆட்கள். ஒருவர் இன்னும் பழைய புனைபெயரிலேயே எழுதியிருந்தார். தொழிலைப் பற்றி அங்கே ஒரு வரியும் எழுதுவதில்லை. சென்ற வாரம் எழுதியது காளிங்கராயன் வாய்க்காலைப் பற்றி. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவானி ஆற்றில் அணை கட்டி வெட்டியது. நேராகப் போனால் சீக்கிரம் முடிந்திருக்கும் தூரத்தை வளைந்து வளைந்து போகிறது. பாம்பு ஒன்று முன்னால் ஊர்ந்து வழி காட்டியது என்பது ஊர்க் கதை. நிலத்தின் மட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டு போவதற்காக வளைகிறது என்பது நடந்து பார்த்தால் புரிகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கரையோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நடந்துகொண்டிருக்கிறேன். சாயக்கழிவு கலக்கும் இடங்களில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும், அதையும் எழுதினேன். எழுதி முடித்தபோது பொருத்தமான தலைப்புகூட வைக்கத் தோன்றவில்லை, தேதியையே தலைப்பாகப் போட்டுவிட்டேன்.

யார் படிப்பார்கள் என்று கேட்டாய். நீ படித்துவிட்டுத்தானே கேட்கிறாய்?

ஒரு விஷயம். நீ உன் வலைப்பூவை அழித்துவிட்டதாக எழுதியிருந்தாய். அதில் இருந்தவை பெரும்பாலும் என்னிடம் இருக்கின்றன. அன்றைக்கே கோப்பாகச் சேமித்து வைத்தேன். படங்கள் இல்லை, எழுத்து மட்டும். குடமுருட்டிக் கட்டுரையும் இருக்கிறது. வேண்டுமென்றால் சொல், அனுப்பிவைக்கிறேன். மறுபடி எழுதச் சொல்லி நான் வற்புறுத்தப்போவதில்லை; வற்புறுத்தினால் அதுவும் ஒரு கோரிக்கையாகிவிடும்.

உன் மகனிடம் என் எண்ணைக் கொடு. ஞாயிறு மதியத்துக்கு மேல் கூப்பிடச் சொல், சாவகாசமாகப் பேசலாம். வார நாட்களிலும் இரவு எட்டு மணிக்கு மேல் பரவாயில்லை. மாதத்தில் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் மட்டும் வேண்டாம். ஜிஎஸ்டி படிவங்களுக்குக் கடைசி நாள், எடுக்கவே மாட்டேன். அது ஏன் என்று அவனுக்கே தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை என்றால் முதல் பாடத்தை அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்,
ஈரோடு