ஒன்றேகால் கிலோ

தர்மபுரி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சரோஜா,

நீ எத்தனையோ முறை போன் செய்தும் நான் எடுக்கவில்லை. எடுத்தால் அழுதுவிடுவேன் என்ற பயம்தான். இன்றுதான் எழுதத் தெம்பு வந்திருக்கிறது. என் மகள் கலைக்குப் பெண் குழந்தை பிறந்து 19 நாள் ஆகிறது. 31 வாரத்திலேயே வந்துவிட்டாள். பிறந்தபோது ஒன்றேகால் கிலோ. முதல் வாரம் அதிலும் குறைந்து, இன்று காலை 1,390 கிராம்.

அன்று பென்னாகரத்தில் ராத்திரி பத்து மணிக்கு இடுப்பு வலிக்கிறது என்றாள். சூட்டு வலியாக இருக்கும், சீரகத் தண்ணீர் வைத்துத் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். மருமகன் காத்திருக்கவில்லை, உடனே 108-க்குப் போன் போட்டுவிட்டார். அந்தப் பிள்ளை நல்லா இருக்கணும். முதலில் பார்த்த டாக்டர் எங்களைத் தர்மபுரிக்கு அனுப்பும் முன்பே கலைக்கு ஓர் ஊசி போட்டார். டெக்ஸாமெத்தசோன் என்று பெயர். 12 மணி நேரத்துக்கு ஒன்றாக 4 ஊசி. மீதி மூன்றையும் இங்கே போட்டார்கள். வலியை மருந்தால் தள்ளிப்போட்டு, இரண்டாம் நாள் ராத்திரிதான் பிரசவம்.

அந்த ஊசி தாய்க்கில்லை, உள்ளே இருக்கும் பிள்ளையின் நுரையீரலுக்கு. காற்றுப்பைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு வழவழப்பான பொருள் உள்ளே ஊற வேண்டும். குறைமாதத்தில் அது போதுமான அளவு இருக்காது. அப்புறம் ஒவ்வொரு மூச்சுக்கும் பிள்ளை போராட வேண்டும். விலா உள்ளே உள்ளே போகும்.

அதை நாம் இரண்டு பேரும் பார்த்திருக்கிறோம் சரோஜா. 1987-இல், கிருஷ்ணகிரி வீட்டில், எட்டாம் மாசத்திலேயே பிறந்த என் மகனிடம். பஞ்சைச் சுற்றி, இரண்டு பக்கமும் வெந்நீர் பாட்டில் வைத்து, நீதான் விடிய விடிய உட்கார்ந்திருந்தாய். அவன் போன பிறகு, ஏழாம் மாசம் தங்கும், எட்டாம் மாசம்தான் தங்காது, இது உன் ராசி என்றார்கள். எத்தனை வருஷம் அதை நம்பினேன்! வயிற்றில் கூட இருக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்குப் பலம்தான். எட்டாம் மாசம் ஏழாம் மாசத்தைவிட நல்லதுதான். நியூசிலாந்தில் லிகின்ஸ் என்ற மருத்துவர் ஆட்டுக்குட்டிகளிடம் இந்த மருந்தின் பலனைக் கவனித்து, ஹோவி என்பவரோடு சேர்ந்து தாய்மாருக்கும் கொடுத்துப் பார்த்து, 1972-லேயே எழுதிவிட்டாராம். 15 வருஷம் கழித்தும் என்னிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. படித்தபோது நெஞ்சு அடைத்துப்போனது.

இங்கே முதல் நான்கு நாள் மூக்கில் குழாய் வைத்துக் காற்றை லேசான அழுத்தத்தில் கொடுத்தார்கள். பால் 2 மில்லி, சிரிஞ்சிலிருந்து குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக. கலை பிழிந்து கொடுத்த பால்தான். இவ்வளவு சின்னக் குடலுக்குத் தாய்ப்பாலைப் போலப் பாதுகாப்பு எதுவும் கிடையாதாம். வளையல், மோதிரம் எல்லாம் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினால்தான் உள்ளே விடுவார்கள். கிருமித் தொற்று வந்தால் ஒரே நாளில் நிலைமை மாறிவிடும் என்று நர்ஸம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இன்னொன்று, இந்தப் பிள்ளைகள் தூக்கத்தில் மூச்சுவிட மறந்துபோகும். மிஷின் கத்தும். அந்த அம்மா ஓடிவந்து உள்ளங்காலில் விரலால் ஒரு சுண்டு சுண்டுவார். இவள் முகத்தைச் சுளித்து, ஒரு இழுப்பு இழுத்து, திரும்ப மூச்சுவிடுவாள். அதற்குத் தரும் மருந்து காபியில் இருக்கும் அதே காஃபீன்தான்.

ஐந்தாம் நாளிலிருந்து கலையின் நெஞ்சில்தான் இருக்கிறாள். தொப்பி, சாக்ஸ், டயப்பர் தவிர உடம்பில் எதுவும் இல்லாமல், தோலோடு தோலாக, மேலே துணி கட்டி. கங்காரு முறை என்கிறார்கள். 1978-இல் கொலம்பியாவில், இன்குபேட்டர் போதாத ஒரு ஆஸ்பத்திரியில் தொடங்கியதாம். நம் நாடு உட்பட 5 நாடுகளில் 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்த உடனேயே இதைத் தொடங்கிப் பார்த்ததில், சாவு கிட்டத்தட்ட கால்பங்கு குறைந்தது என்று 2021-இல் வெளியானது. கலை சாப்பிடப் போகும்போது மருமகன் சட்டையைக் கழற்றிவிட்டு வாங்கிக்கொள்கிறார். நாம் அன்று வெந்நீர் பாட்டிலைத் தேடினோமே, என் நெஞ்சு சும்மாதானே இருந்தது சரோஜா.

சரி, உன் மருமகள் விஷயத்துக்கு வருகிறேன். இரட்டை என்கிறாய், ஐந்தாம் மாசம். இரட்டை என்றால் முன்கூட்டியே பிறக்க வாய்ப்பு அதிகம். குறைமாதப் பிள்ளையைப் பார்க்கும் தீவிர சிகிச்சைப் பிரிவு ஓசூரில் எங்கே இருக்கிறது என்று இப்போதே விசாரித்து வை. பிறந்த பிறகு தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட வயிற்றில் இருக்கும்போதே அங்கே போய்ச் சேருவதுதான் நல்லது. வழியில் உடம்பு குளிர்ந்துபோனாலே பாதி பலம் போய்விடும். வலி என்று அவள் சொன்னால் கஷாயம் வைக்காதே. நுரையீரல் ஊசி போட்டீர்களா என்று வாய்விட்டுக் கேள். தேன்கனிக்கோட்டையில் ராத்திரி வண்டி எடுக்க யார் இருக்கிறார்கள் என்றும் பார்த்து வை.

அடுத்த வாரம் கண் டாக்டர் விழித்திரையைப் பார்க்க வருகிறார். இவ்வளவு சீக்கிரம் பிறந்தால், அதிலும் ஆக்சிஜன் வைத்திருந்தால், ஒரு மாதத்துக்குள் கட்டாயம் பார்க்க வேண்டுமாம். பார்த்ததும் போன் செய்கிறேன், இனிமேல் எடுக்கவும் செய்வேன். கலை கூப்பிடுகிறாள், பால் எடுக்கும் நேரம்.

உன்
வசந்தா