விளக்குப்பொறியில் டெங்குக் கொசு சிக்காது

ஆசிரியருக்கு,

மழைக்காலம் நெருங்கினாலே வார்டு வார்டாகக் கொசுப்பொறி மாட்டும் யோசனை கிளம்பிவிடுகிறது. எந்தக் கொசுவுக்கு என்றுதான் யாரும் கேட்பதில்லை.

அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி.யின் பெயரால் அறியப்படும் விளக்குப்பொறி 1962இல் வந்த கருவி. 6 வோல்ட் பேட்டரி, சிறு பல்பு, காற்றாடி, வலைப்பை; அவ்வளவுதான். ஒன்றரை மீட்டர் உயரத்தில் தொங்கவிட்டு, அந்தி முதல் விடியும்வரை ஓட்ட வேண்டும். அருகில் டிரை ஐஸ் (உறைந்த கரியமில வாயு) வைத்தால், அதிலிருந்து வரும் வாயுவுக்குக் கொசுக்கள் இன்னும் வரும். கூவக்கரையில் இரவில் கடிக்கும் க்யூலெக்ஸ் கொசுவைக் கணக்கிட இது போதும். இரவில் பேட்டரி இறங்கினால் காற்றாடி நின்று, சிக்கியவை தப்பிவிடும். டெங்குவைப் பரப்பும், பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு இதில் அரிதாகவே விழும். பை காலி என்பதால் டெங்கு பயமில்லை என்றாகாது.

கடையில் விற்கும் நீலவிளக்கு மின்பொறி இன்னும் மோசம். அமெரிக்காவின் டெலவேரில் செய்து 1996இல் வெளியான ஆய்வில், செத்த 13,789 பூச்சிகளில் கடிக்கும் இனம் வெறும் 31.

ஏடிஸுக்கு மலிவான வழி முட்டைப்பொறி. அரை லிட்டர் கறுப்பு டப்பாவில் மூன்றில் இரண்டு பங்கு நீர். அதற்குச் சற்று மேலே, மழைநீர் வழிய ஒரு துளை. சொரசொரப்பான ஹார்ட்போர்டு பட்டையைப் பாதி நனையும்படி நிறுத்துங்கள். வைக்கோல் ஊறிய நீரை ஒன்றுக்கு ஒன்பது என்று கலந்தால் வரத்து கூடும். நிழலில், தரையோரம் வையுங்கள். ஐந்தாம் நாள் பட்டையை எடுத்து, லென்ஸில் கறுப்பு முட்டைகளை எண்ணலாம். ஏழு நாளைத் தாண்டவிட்டால் பொறியே கொசுப்பண்ணை! எறும்பு முட்டைகளைத் தூக்கிப்போவதும் உண்டு.

இதிலும் ஒரு சிக்கல். சுற்றிலும் உள்ள டயர், தேங்காய்ச் சிரட்டைகளை அகற்றிய வாரம், முட்டையிட வேறிடமின்றிக் கொசுக்கள் பொறிக்கே வரலாம். எண்ணிக்கை ஏறியதும் 'துப்புரவு தோற்றது' என்று எழுதிவிடுகிறார்கள். கூடவே வீடுவீடாகக் கொசுப்புழு பார்த்து, நூறு வீட்டுக்கு எத்தனை பாத்திரத்தில் புழு என்ற பிரெட்டோ குறியீட்டையும் எடுத்தால்தான் உண்மை தெரியும். வளர்ந்த ஏடிஸைப் பிடிக்க பி.ஜி. சென்டினல் என்னும் பொறி நல்லது, விலை கூடுதல், மழை படாத இடமும் வேண்டும்.

சென்னை மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டெபென்சி கொசுவுக்கு மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் அகப்பையால் மொண்டு பார்ப்பதே வழி. நிழல் விழுந்தால் புழுக்கள் அடியில் மூழ்கும். சற்றுப் பொறுத்து மொள்ள வேண்டும்.

உள்ளாட்சி அமைப்புகள் கொசு எண்ணிக்கையை வெளியிடும்போது பொறியின் வகை, எத்தனை பொறி, எத்தனை இரவு, எந்தக் கொசு என்பதையும் சேர்த்தே வெளியிடட்டும்.

பூச்சியியல் களப்பணியாளர்கள்,
சென்னை