வளர்ப்பு முத்து போலியா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் நகைக் கட்டுரையில், "இன்று கிடைக்கும் வளர்ப்பு முத்துகள் எல்லாம் போலியே" என்று ஒரு வரி வந்திருந்தது. என் மருமகள் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு என் கழுத்தைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

என் கழுத்தில் கிடப்பது என் கணவர் 31 வருடங்களுக்கு முன் வாங்கித் தந்த வளர்ப்பு முத்து மாலை. போலியையா வாங்கித் தந்தீர்கள் என்று கேட்க அவர் இப்போது இல்லை. அதனால் உங்களைக் கேட்கிறேன்.

உங்களுக்குத் தெரியாததா? சிப்பி ஓட்டில் கடைந்த ஒரு சிறு மணியை, இன்னொரு சிப்பியின் சதைத் துணுக்கோடு சேர்த்து, உயிருள்ள சிப்பிக்குள் வைத்துத் திரும்பக் கடலில் விடுகிறார்கள். பல சிப்பிகள் செத்துப்போகும், சில மணியைத் துப்பிவிடும். மிச்சமிருப்பவை அதன்மேல் படலம் படலமாகப் பூசிக்கொண்டே இருக்கும். அந்தப் பூச்சு சிப்பியின் வேலை, மனிதனின் வேலை இல்லை. பதியன் போட்டது மனிதன் என்பதற்காகப் பூத்த மல்லிகை காகிதப் பூ ஆகிவிடுமா? கண்ணாடி மணிக்கும் பிளாஸ்டிக் மணிக்கும் சாயம் ஏற்றி விற்கிறார்களே, அதுதான் ஐயா போலி. உங்கள் கட்டுரைக்குப் போட்டிருந்த படத்தில் அப்படிப்பட்ட மணிகள்தான் இருந்தன. அச்சில் வார்த்த கோடுகூடத் தெரிகிறது.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என் மாலையை நானே அவிழ்த்துக் கோர்ப்பேன். பட்டு நூல், ஒவ்வொரு முத்துக்கும் நடுவில் ஒரு முடிச்சு. நூல் அறுந்தாலும் ஒன்றுதான் உருளும். ஒரு முத்தில் கடுகளவு பள்ளம் உண்டு. அதைக் கொக்கிக்குப் பக்கத்தில் பிடரியில் மறைத்துவிடுவேன். துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், உள்ளே இருக்கும் மணியும் மேல்பூச்சும் சேருமிடத்தில் ஒரு கோடு தெரியும். பல்லில் தேய்த்து நறநறத்தால் இயற்கை முத்து என்கிறீர்கள். என் வளர்ப்பு முத்தும்தான் நறநறக்கிறது!

அப்புறம் அந்த வினிகர் சோதனை. "கரையாவிட்டால் நல்ல முத்து" என்றிருக்கிறது. முத்து என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அமிலம் அதை அரிக்கும், பிளாஸ்டிக்கைத் தொடாது. உங்கள் தேர்வில் பிளாஸ்டிக் முதல் வகுப்பில் தேறும்.

இது முதல் தடவையும் இல்லை. சுவாதி நட்சத்திர மழைத்துளி சிப்பிக்குள் விழுந்து முத்தாகிறது என்று ஒருமுறை எழுதினீர்கள். பழங்கதை என்று ஒரு வார்த்தை சேர்க்க இடமில்லை போலும். முத்தின் வரலாறு என்றாலோ, கொற்கைக்கு ஒரு வரி, உடனே ஜப்பானுக்கு விமானம். அதையாவது சரியாக எழுதினீர்களா? 1893இல் அந்த நாட்டு முத்து வளர்ப்பாளர் மிக்கிமோட்டோ எடுத்தது ஓட்டோடு ஒட்டிய அரை உருண்டை முத்து. நீங்கள் அதையே முதல் உருண்டை முத்தாக்கிவிட்டீர்கள். தூத்துக்குடியின் கடைசிச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, 1961இல் முடிந்ததையும், 1973இல் பக்கத்து வேப்பலோடையில் கடல்மீன் விஞ்ஞானி டாக்டர் கே. அழகர்சாமியும் உடன் உழைத்தவர்களும் உருண்டை முத்தையே வளர்த்துக் காட்டியதையும் எழுதி அனுப்பினேன். பிரசுரித்தீர்கள், மறுக்கவில்லை. 1961, 1973 இரண்டையும் வெட்டிவிட்டு, "கட்டுரை அருமை" என்று மரியாதைக்கு எழுதிய முதல் வரியை மட்டும், பெயரையும் தப்பாகப் போட்டு.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வளர்ப்பு முத்து வேறு, போலி முத்து வேறு என்று அடுத்த இதழில் ஒரே ஒரு வரி போடுங்கள். குறுக்கெழுத்துக்குக் கீழே பொடி எழுத்தில் மட்டும் வேண்டாம். அந்தப் பக்கத்தை என் மருமகள் படிப்பதில்லை.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி